பேச்சிப்பாறை வளைவில் ஓட்டிப் பார்த்த வண்டிகள்

குளச்சல்,
கார்த்திகை முதல் வாரம்

அன்பு மக்கா செல்வினுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. உடனே எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருப்பது நாலு வரியில் பதில் சொல்கிற கேள்வி இல்லை. தை மாதம் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு ஊருக்கே வருகிறேன், கைக்கு அடக்கமாக, ஓட்டுவதற்கு ஆசையாக ஒரு சின்ன எஸ்யூவி வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நானும் மூன்று மாதமாக அதே கேள்வியோடுதான் அலைகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. போன ஞாயிறு திருவட்டாறு போயிருந்தேன். உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். முட்டுவலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் போட்டுத் தந்துவிட்டு, "அவன் நெசமாவே வாறானாலே?" என்று மூன்று தடவை கேட்டார்கள். மழை இந்த வருஷம் இன்னும் விட்டபாடில்லை.

என் போர்டு எகோஸ்போர்ட் காருக்குப் பதினொரு வயதாகிறது. 2014-ல் எடுத்தது, நீதான் கூட வந்தாய். போன மாதம் தக்கலையில் மெக்கானிக் வண்டியை லிஃப்டில் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அடிப்பாகத்தைத் தட்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காய்ந்த வாழைச்சருகு போல அடுக்கடுக்காக, விரலால் அழுத்தியதும் பொடியானது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு, பதினொரு வருஷ உப்புக்காற்று. இன்ஜின் இன்றைக்கும் சொன்னபடி கேட்கிறது. ஆனால் போர்டு கம்பெனி 2021-லேயே இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதே. இனி இதற்குப் பெரிய செலவு செய்வதில் அர்த்தமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நீ ஊரில் இல்லாத காலத்தில் இந்தச் சந்தை எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் அல்லது டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. இந்த ஒரு விதிதான் இத்தனை வண்டிகளையும் பிறக்கவைத்தது. எகோஸ்போர்ட் 2013-ல், மாருதி பிரெஸ்ஸா 2016-ல், டாடா நெக்ஸான் 2017-ல், ஹூண்டாய் வென்யூவும் மஹிந்திராவின் எக்ஸ்யூவி300-உம் 2019-ல், கியா சோனெட் 2020-ல் என்று வரிசையாக வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு முன்பு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31. பிரெஸ்ஸா நீளத்தில் அடங்கினாலும் அதன் இன்ஜின் 1,462 சிசி என்பதால் அதற்கு 40 சதவீதம். இன்னொன்றையும் மறந்துவிடாதே. நம் மாநிலத்தில் வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 13-லிருந்து 18 சதவீதத்துக்கு ஏறிவிடும். டாப் மாடலில் கண் வைக்கும்போது வரியெல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுதிக் கேட்டு வாங்கு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஸ்போர்ட்டி என்றால் என்ன? நெடுஞ்சாலையில் 140-ஐத் தொடுவது உனக்கும் எனக்கும் முக்கியமில்லை. அந்த ஆர்எக்ஸ் 100 பைக்கில் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்கு ஏறுவோமே, ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் தோட்டத்துக்குள் வளைவுக்கு மேல் வளைவு. இரண்டாம் கியரில் திருகினால் வண்டி முன்னால் எடுத்துவைத்துக் கொடுக்கும், வளைவு முடியும்போது மூன்றாம் கியர். அந்தச் சுகம்தான் எனக்கு வேண்டும், ஆனால் நாலு சக்கரத்தில், பின்சீட்டில் அம்மா இருக்கும்போது. இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன்.

ஷோரூம் டெஸ்ட் டிரைவை மட்டும் நம்பி முடிவெடுக்காதே. ஒரு ஷோரூமில் நேர் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பச் சொன்னார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பையன் வழியெல்லாம் சன்ரூஃபையும் திரையையும் பற்றியே பேசினான். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அதனால் தெரிந்தவர்களின் வண்டிகளைக் கெஞ்சி வாங்கி, ஒரே வழியில் ஓட்டினேன்: குளச்சலிலிருந்து இரணியல், தக்கலை, வேர்க்கிளம்பி, திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை. கடற்கரையின் குழி, தக்கலை நெரிசல், மலை ஏற்றம் மூன்றும் அந்த ஒரே பயணத்தில் வந்துவிடும்.

நீ படம் அனுப்பியிருந்த வென்யூ 'என் லைன்' (N Line, வென்யூவின் ஸ்போர்ட்டி வடிவம்) வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். 1 லிட்டர் டர்போ இன்ஜின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது), 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை விசை). நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இரட்டைப் புகைக்குழாய். சாதாரண வென்யூவைவிட சஸ்பென்ஷனை இறுக்கமாக வைத்திருக்கிறார்கள், ஸ்டியரிங்கையும் கனமாக்கியிருக்கிறார்கள். வளைவில் ஓட்டுகிறவனுக்கு அது விருந்து. அந்த இறுக்கம் இரணியல் பக்கத்துக் குழிகளில் பின்சீட்டுக்கும் தெரியும், வேண்டுமென்றே அப்படிச் செய்த வண்டி அது. சோனெட்டிலும் இதே டர்போ உண்டு, சஸ்பென்ஷன் வேறு.

மச்சினனிடம் எக்ஸ்யூவி300-ன் அடுத்த வடிவமான எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ இருக்கிறது, நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள 1.2 டர்போ. 130 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். சும்மா சொல்லக்கூடாது மக்கா, என்ன புல்லிங்! இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே டார்க் முழுசாக வந்துவிடுகிறது. குலசேகரம் தாண்டி ஏற்றத்தில் ஒரு ரப்பர்த்தடி லாரி முன்னால் முனகிக்கொண்டு போனது. மூன்றாம் கியரிலிருந்து இறங்காமலே தாண்டினேன். சக்கர இடைவெளி 2,600 மில்லிமீட்டர், அதனால் பின்சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் அகலம் 1,821. எங்கள் முடுக்கை நீ அறிவாய். இரண்டு பக்கமும் கையாலைச் சுவர், நடுவில் மின்கம்பம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு கண்ணாடியையும் மடக்கி, ஒரு சாண் இரு பக்கமும் விட்டு உள்ளே கொண்டுபோனேன். தினமும் இரண்டு வேளை அதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. உன் வீட்டுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

நெக்ஸானை என்னோடு வேலை பார்க்கும் சாரிடம் வாங்கினேன். மகளைத் திருநெல்வேலி ஹாஸ்டலில் விட ஆவணி கடைசியில் அதில் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த நேரத்துக் காற்று உனக்குத் தெரியும், முப்பந்தலில் காற்றாலை எல்லாம் சும்மாவா நிற்கிறது. உயரமான வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். 90-ல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பஸ்ஸின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று படாரென்று அடித்தது, ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பிப் பிடித்தேன், வண்டி கோட்டில் நின்றது. மகள் தூக்கத்திலிருந்து எழவே இல்லை. 2018-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு இது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் 208 மில்லிமீட்டர் இடைவெளி, குழியைக் கண்டு பயப்பட வேண்டாம். 120 குதிரைத்திறன் இருந்தாலும் இதன் குணம் நிதானம். குடும்பத்துக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் இதையே சொல்லியிருப்பேன்.

மாருதியின் ஃப்ரான்க்ஸ் டர்போ 100 குதிரைத்திறன்தான், ஆனால் எடை குறைவு, அகலம் 1,765. நெரிசலில் மீன்குஞ்சு மாதிரி நுழைகிறது. மாருதியின் பலேனோ காரை உயர்த்தி வைத்தது என்று நினைத்துக்கொள். நமக்கு இன்னும் கொஞ்சம் உயரமாக உட்கார வேண்டும்.

கடைசியாக ஸ்கோடா கைலாக். 1 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ இன்ஜின், 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் 3எக்ஸ்ஓவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு நாள் முழுக்க வைத்து ஓட்டக் கிடைத்தது, மேனுவல் கியர். திருவட்டாறில் உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, புடவைக் கொசுவத்தை ஒதுக்கி, வலி இல்லாத வலது காலை முதலில் உள்ளே வைத்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் கை கொடுக்கவில்லை. சீட் உயரம் அவர்களுக்குச் சரியாக இருந்தது. பேச்சிப்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் மழைத்தண்ணீர் ரோட்டைக் குறுக்காக அறுத்து ஓடுகிறது, செம்மண் கரைந்து, ரப்பர் இலை படிந்து. இரண்டாம் கியரில் உள்ளே நுழைந்தேன். முன்சக்கரம் எங்கே பிடித்திருக்கிறது என்று ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. வண்டி சாயவில்லை, வளைவின் நடுவில் ஒரு குழி, 'தும்' என்று ஒரே ஒரு சத்தம், ஆட்டம் அதோடு முடிந்தது. "பைய போலே" என்று அம்மா சொல்லவே இல்லை. இறங்கும்போது, "இது கொள்ளாம்" என்றார்கள். எனக்கு அந்தச் சான்றிதழ் போதும்.

இதுவும் பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனையில் 5 நட்சத்திரம், அடி மாடலிலேயே 6 ஏர்பேக். அகலம் 1,783, எங்கள் முடுக்குக்கு அந்த நாலு சென்டிமீட்டர் குறைவு பெரிய நிம்மதி. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் நெருக்கித்தான் உட்கார வேண்டும், நாங்கள் நாலு பேர்தான். டிக்கி 446 லிட்டர். மகளின் ஹாஸ்டல் பெட்டியும் ஒரு மட்டி வாழைக்குலையும் தாராளமாகப் போகும்.

டீசலைப் பற்றியும் கேட்டிருந்தாய். 3எக்ஸ்ஓ டீசலில் 300 நியூட்டன் மீட்டர், நெக்ஸானில் 260, சோனெட்டில் 250. மலைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இப்போதைய டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக வண்டி அவ்வப்போது நல்ல வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும். நான் தினமும் போவது தக்கலை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதிலும் பாதி ஊர்ந்து. அதனால் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ மாதம் இரண்டு தடவை மதுரைக்கு ஓடப்போகிறாய் என்றால் கணக்கு வேறு.

ஆட்டோமேட்டிக் எடுப்பதாக இருந்தால் எந்த வகை என்று கேட்டு எடு. வென்யூ, சோனெட் டர்போக்களில் இரட்டை கிளட்ச், கியர் மாறுவது மின்னல்தான். ஆனால் அது எண்ணெயில் குளிராத உலர் கிளட்ச். மார்த்தாண்டம் மாதிரி நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால், அதுவும் ஏற்றத்தில், சூடேறும். பிரேக்கை முழுசாக விட்டு, இடைவெளி விழுந்தபின் நகர்த்திப் பழக வேண்டும். 3எக்ஸ்ஓ டர்போ, கைலாக் இரண்டிலும் டார்க் கன்வர்ட்டர். எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் ஊர்வதற்குச் சுகம்.

நான் கைலாக் மேனுவலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தைக்குள் வண்டி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்த அன்றைக்கே அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட் பூச்சு, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுவது என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உனக்கு 3எக்ஸ்ஓ டர்போவைத்தான் சொல்வேன். உன் முற்றம் விசாலம், திருவட்டாறிலிருந்து எங்கே போனாலும் ஏற்ற இறக்கம், அந்தப் புல்லிங் உனக்கு தினமும் பயன்படும். அம்மாவுக்கும் காலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கும். ஆனால் வென்யூ 'என் லைன்'மேல் உனக்கு இருக்கிற ஆசையும் எனக்குத் தெரியும், இருபது வருஷம் அந்நிய மண்ணில் உழைத்தவன் ஆசைப்பட்டதை வாங்கினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒன்று மட்டும் செய். இரண்டையும் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் குலசேகரம் வரை ஓட்டு. மச்சினன் வண்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டான். வென்யூ 'என் லைன்' வண்டியும் வீட்டுக்கே டெஸ்ட் டிரைவுக்கு வரும்படி கேட்டு வைக்கிறேன்.

விமான டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. திருவனந்தபுரத்துக்கு நானே வருகிறேன். புது வண்டி வந்திருந்தால் அதில், இல்லையென்றால் பழைய எகோஸ்போர்ட்டில். எதில் வந்தாலும் களியக்காவிளை தாண்டியதும் சாவி உன் கையில்.

உன்,
ராஜன்