பையைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள சின்னவளுக்கு,

இரண்டு மாதம் ஒரு சொல்லும் இல்லாமல் இருந்துவிட்டு நேற்று அம்மாவுக்கு நீ அனுப்பியதை நான்கு முறை படித்தேன். "உருளைச் செடியும் மஞ்சளாகிவிட்டது. பையோடு தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்." 'செடியும்' என்பதில் ஓர் 'உம்' இருக்கிறதே, அதுதான் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. வேறு என்னவென்று நான் கேட்கவில்லை. செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தூக்கிப் போடாதே.

நீ நட்டு 95 நாள் ஆகிறது. அம்மா நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள். ரகத்தைப் பொறுத்து உருளை 70 முதல் 120 நாளில் முதிரும். அடியிலையிலிருந்து மஞ்சள் ஏறித் தண்டு சாய்கிறதென்றால், இலையில் இருந்ததைக் கிழங்குக்கு இறக்கிவிட்டுச் செடி ஓய்கிறது. இனித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடு. தண்டு முழுதும் காய்ந்தபின் இரண்டு வாரம் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியக்கூடாது, அதுதான் பதம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். இலையில் நீர் கோத்ததுபோல் கரும்புள்ளிகள் பரவி, அடிப்பக்கம் வெண்பூஞ்சை தெரிந்தால் அது கருகல் நோய். 1845இல் அயர்லாந்தின் வயல்களில் புகுந்து பஞ்சத்தைக் கொண்டுவந்தது அதுதான். அப்படியிருந்தால் தண்டை மண்ணோடு ஒட்ட அறுத்து அப்புறப்படுத்து. அப்போதும் இரண்டு வாரம் பொறு. பையைத் தூக்கிப் போடாதே.

நீ எதையும் தவறாகச் செய்யவில்லை. முளைகட்டிய விதைக்கிழங்கு, பையின் அடியில் துளை, செடிக்குப் பத்து லிட்டர் மண், நன்றாக மட்கிய தொழுவுரம், எல்லாம் கணக்காகச் செய்தாய். ஒரு சாண் வளரும்போதெல்லாம் நுனி இலை தெரிய மண் அணைத்தாய். கிழங்கு வேரில் வருவதில்லை, மண் மூடிய தண்டிலிருந்து கிளைக்கும் கொடியின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது என்று எனக்கே நீதான் சொல்லிக்கொடுத்தாய். பார்ப்பவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பொறுமையாக ஒரு செடியைப் பார்த்துக்கொண்டவளுக்கு, வீட்டுக்கு ஒரு போன் செய்ய இரண்டு மாதம் ஆகலாமா?

இல்லை, அதைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. நீல வாளி உனக்கு நினைவிருக்கும். இலை மஞ்சளானதைப் பார்த்து, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றக்கூடத் துப்பில்லை என்று எல்லார் முன்னிலையிலும் உன்னைத் திட்டிவிட்டு, வாளியைக் கொல்லையில் கவிழ்த்தேன். உனக்குப் பதினொரு வயது. நீ அழவில்லை, உள்ளே போய்விட்டாய். சில நாள் கழித்து மழையில் அந்த மண் கரைந்து கிடந்தது. ஏழு கிழங்குகள் இருந்தன, சின்னவளே. நான் எண்ணினேன். வெளிச்சம் பட்டுப் பச்சையேறியிருந்தன. பச்சையேறிய கிழங்கில் சோலனைன் நஞ்சு கூடிவிடும், சாப்பிட ஆகாது. ஆனாலும் உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தேன். அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை. மதிப்பெண் அட்டைக்கும் அம்மாவிடம்தான் கையெழுத்து வாங்கினாய். எனக்குத் தெரிந்தே இருந்தது.

பையை ஒரு விரிப்பின்மேல் கவிழ்த்துக் கையால் துழாவு. மண்வெட்டி வேண்டாம், கிழங்கு வெட்டுப்படும். கழுவாமல், இருட்டில் காற்றுப்பட வை. அந்த மண்ணில் அடுத்துத் தக்காளியோ கத்தரியோ வைக்காதே, அவையும் உருளையின் குடும்பம், நோய் தொடரும். பச்சையாக ஏதாவது இருந்தால் சாப்பிடாதே.

எத்தனை கிழங்கு என்று எண்ணி எனக்கு எழுது. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. ஒன்றுமே இல்லையென்றாலும் எழுது.

அப்பா