கடலுக்குள் இன்னொரு குழாய் போடுமுன்
(தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறைக்கும் குடிநீர் வழங்கல் துறைக்கும் ஒரு திறந்த மடல்)

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு, வணக்கம்.

நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் சென்னைக்கு வடக்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் காட்டுப்பள்ளி ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அதே கரையில், தெற்கே வடசென்னை அனல்மின் நிலையம். ஒன்று கடல்நீரை இழுத்து உப்பைக் கூட்டித் திருப்பி விடுகிறது. மற்றது சூட்டைக் கூட்டி விடுகிறது. கோப்புகள் வேறு, குழாய்களும் வேறு. இனி இந்தக் கரையில் எது கட்டினாலும் இரண்டையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இது புதிய யோசனை அல்ல. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு இணைத்தே நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறனுள்ள ஆலை அமைக்கப்பட்டது. அதில் 45 லட்சம் லிட்டர், மின் நிலைய நீராவியின் வெப்பத்தால் கடல்நீரைக் காய்ச்சி வடிப்பது; மீதி 18 லட்சம், உப்பைத் தடுத்து நீரை விடும் மெல்லிய சவ்வு வழியாகக் கடல்நீரை அழுத்தி வடிகட்டுவது.

ஆனால் காய்ச்சி வடிக்கும் முறையை நான் கேட்கவில்லை. வளைகுடா நாடுகள் அதில்தான் தொடங்கின. குளிர்காலத்தில் அங்கே மின்தேவை சரிந்துவிடும், தண்ணீர்த் தேவை சரியாது. தண்ணீருக்காகவே கொதிகலனை எரிக்க வேண்டிவந்தது. இப்போது அவர்களே சவ்வு முறைக்கு மாறி வருகிறார்கள். தண்ணீரைக் காரணம் காட்டிப் புதிதாக ஓர் அனல்மின் நிலையம் கட்டுவதும் வேண்டாம்.

கேட்பது எளியது. கடல்நீரால் குளிரூட்டப்படும் மின் நிலையத்தில், நீராவியைக் குளிர்வித்து வெளியேறும் நீர் கடலைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். அதில் ஒரு பங்கைச் சவ்வு ஆலைக்குத் திருப்பினால் தனி உறிஞ்சுகுழாய் தேவையில்லை. வெதுவெதுப்பான நீர் சவ்வில் எளிதாகப் புகும் என்பதால், அழுத்தத்துக்குச் செலவாகும் மின்சாரமும் குறையும். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் தின்னும் தொழிலில் இது சில்லறை விஷயமல்ல. ஆலை கழிக்கும் உவர்நீரில் உப்பு கடலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மிச்சக் குளிரூட்டு நீரோடு கலந்தால் அந்த உப்புச் செறிவு தணியும்.

சிக்கல்களும் உண்டு. சூடு ஏறினால் சவ்வைத் தாண்டும் உப்பும் சற்று ஏறும். குளிரூட்டு நீரில் பாசி பிடிக்காமலிருக்கப் போடும் குளோரின் சவ்வை அரித்துவிடும். அதை முன்கூட்டியே நீக்க வேண்டும். மின் நிலையம் பராமரிப்புக்காக நிற்கும் நாளில் கடல்நீரை யார் இறைப்பது, எந்தத் துறையின் கணக்கில் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பொறியியலைவிட இதுதான் கடினம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கலந்த நீரானாலும் அதைக் கழிமுகத்தில் விடாதீர்கள், ஆழ்கடலுக்குக் கொண்டுபோங்கள். வெளியேறும் இடத்தின் வெப்பத்தையும் உப்பளவையும் நாள்தோறும் தமிழில் வெளியிடுங்கள். அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோருமுன் அந்த மீனவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவன்