அந்த மானிட்டர் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சின்னவள் ப்ளஸ் டூ. நீட் கோச்சிங், மாதிரித் தேர்வு என்று வீடே ரெண்டுபட்டுக் கிடக்கிறது. நம்மை இத்தனை வருஷம் பார்த்தும் டாக்டர்தான் ஆவேன் என்கிறாளே, அவளை என்ன சொல்ல!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சிரை ரத்தத்தின் சாச்சுரேஷனை, அதாவது உடம்பைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் இன்னும் ஆக்சிஜனோடு இருக்கிறது என்பதை, விடாமல் காட்டும் ஃபைபர் ஆப்டிக் கதீட்டரும் (ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) மானிட்டரும் வாங்கச் சொல்லி கம்பெனிக்காரர் நச்சரிப்பதாக எழுதியிருந்தாய். உன் ஐசியூ அளவுக்கு அது வேண்டாம் என்பேன். ஷாக்கில், ரத்த ஓட்டம் போதாமல் வருபவருக்கு எப்படியும் கழுத்துச் சிரை வழியாக இதயத்தை ஒட்டி சென்ட்ரல் லைன் போடத்தான் போகிறாய், அதிலிருந்தே சாம்பிள் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்துக்கு, சாச்சுரேஷனை நேரடியாக அளக்கும் கோ-ஆக்ஸிமீட்டர் உள்ள பிளட் கேஸ் மிஷினாகப் பார். அது இல்லாத மிஷின் ஆக்சிஜன் அழுத்தத்தை மட்டும் அளந்து, சாச்சுரேஷனைக் கணக்குப் போட்டுச் சொல்லும். தமனி ரத்தத்துக்கு அது பெரும்பாலும் போதும். சிரை ரத்தத்தில் அழுத்தம் 40 மி.மீ. பக்கம், அழுத்தத்தையும் சாச்சுரேஷனையும் இணைக்கும் வளைகோடு செங்குத்தாக இறங்குகிற இடம். அமிலத்தன்மையோ காய்ச்சலோ கொஞ்சம் மாறினாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதோ சாச்சுரேஷன் 65 சதவீதமா 70-ஆ என்பதற்கு!

அந்த 70-க்கு ஒரு காலத்தில் இருந்த மவுசு ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையிலிருந்து இமானுவேல் ரிவர்ஸ் குழுவின் ஆய்வு வந்தது. கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைக் கெடுக்கும் செப்சிஸ் நோயாளிகள் 263 பேர். முதல் ஆறு மணி நேரத்தில் சலைன், ரத்தம், இதயத் துடிப்புக்குப் பலம் கூட்டும் டோபுடமைன் என்று படிப்படியாகக் கொடுத்து 70-ஐ எட்ட வைத்த பிரிவில் இறப்பு 30.5 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 46.5. உலகமே அதன் பின்னால் ஓடியது. அப்புறம் 2014, 2015-ல் புரோசெஸ், அரைஸ், புராமிஸ் என்று மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. எதிலும் பலன் தெரியவில்லை. அதனால் அந்த எண்ணையே தூக்கிப் போடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ரிவர்ஸின் நோயாளிகள் வரும்போதே சராசரியாக 49-ல் இருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் ஆரம்பமே 70-ஐ ஒட்டி. ஏற்கெனவே 70-ல் இருப்பவரை 70-க்குக் கொண்டுவந்தால் என்ன லாபம் தெரியும்?

எண் குறைந்தால் உடனே சலைனை ஏற்றுகிற பழக்கம்தான் கெடுதல். சமீபத்தில் இங்கே ஒருவர், குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் முடிந்து மூச்சுக் குழாயில் ட்யூபோடு தியேட்டரிலிருந்து நேரே வந்தார். முதல் சாம்பிளில் 54. பி.ஜி. பையன் அடுத்த ரிங்கர் லாக்டேட் டிரிப் பாட்டிலில் கை வைத்துவிட்டான். போர்வையை விலக்கச் சொன்னேன். தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்குகின்றன, பல் ட்யூபைக் கடிக்கிறது, உடம்பு ஐஸ். நடுங்குகிற தசை ஆக்சிஜனை வாரிக் குடித்துவிடும், திரும்பி வரும் ரத்தத்தில் என்ன மிஞ்சும்? மயக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டி, வார்மர் போட்டோம். நடுக்கம் நின்ற பிறகு எடுத்ததில் 67. சலைன் கூடுதலாக ஒரு சொட்டு இல்லை. குறைந்த எண்ணைப் பார்த்தால் ஹீமோகுளோபின், தமனி சாச்சுரேஷன், எக்கோவில் இதயம், அப்புறம் காய்ச்சல், வலி, நடுக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலைத் தொட வேண்டும்.

எனக்கு இதைவிடப் பயம், எண் நன்றாக இருக்கும்போது. லாக்டேட் (திசு ஆக்சிஜனுக்குத் தவிக்கும்போது ரத்தத்தில் ஏறுவது) 6, சிரை சாச்சுரேஷன் 85 என்று வந்தால் டியூட்டி டாக்டர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். செப்சிஸில் திசு ஆக்சிஜனை எடுக்க முடியாமல் அப்படியே திருப்பி அனுப்பினாலும் எண் அப்படித்தான் இருக்கும். அதே சாம்பிளில் கார்பன் டை ஆக்சைடையும் பார்க்கச் சொல். தமனிக்கும் சிரைக்கும் வித்தியாசம் 6 மி.மீ.க்கு மேல் போனால் ரத்த ஓட்டம் போதவில்லையோ என்று சந்தேகப்படு.

சாம்பிள் எடுப்பதிலும் உன் நர்ஸ்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவை. லைனின் நுனித் துவாரத்திலிருந்து, முதலில் வருவதைக் கழித்துவிட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடும் வழியை மறந்தும் தொடக் கூடாது. ஃப்ளஷ் பண்ணினால் உள்ளே நிற்கும் மருந்து மொத்தமாகப் போய் பிரஷர் கூரையைத் தொடும். தொடையில் போட்ட லைனில் எடுத்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதே. கழுத்து லைன் என்றாலும் எக்ஸ்ரேயில் நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடு. ரொம்ப இறங்கி இதயத்தின் வலது மேலறையான ஏட்ரியத்தில் கிடந்தால், இதயத்தின் சொந்தச் சிரை ரத்தமும் கலந்து எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

இன்னொன்று, காசில்லாதது. லத்தீன் அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆண்ட்ரோமெடா ஷாக் என்ற ஆய்வு 2019-ல் வெளிவந்தது. விரல் நுனியை அழுத்திவிட்டு ரத்தம் திரும்பும் நேரத்தைப் பார்த்துச் சிகிச்சை செய்த பிரிவில் 28 நாளில் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்துச் செய்ததில் 43.4. புள்ளியியல்படி நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் நான் இப்போது ரவுண்ட்ஸில் முதலில் விரலைத்தான் அழுத்திப் பார்க்கிறேன்.

கொட்டேஷன் வந்ததும் எனக்கு அனுப்பு. கார்ட்ரிட்ஜ் விலையைத் தனியாக எழுதி வாங்கு. மிஷினைச் சல்லிசாகத் தள்ளிவிட்டு அதில்தான் பிடிப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? வந்தால் முன்கூட்டியே சொல்லடி, டியூட்டி மாற்ற வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்