பதினாறு வயதில் வேலை பார்த்த கூலியை எங்கே போய்க் கேட்பது? ஆட்சியருக்கு ஒரு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
அனுப்புநர்: முன்னாள் ஸ்பின்னிங் மில் தொழிலாளி (பெயர், முகவரி தனித்தாளில்)
பொருள்: 18 வயது முடியுமுன் வெளி மாவட்ட மில்லில் வேலை செய்த கூலி பாக்கி, புகாரைச் சொந்த ஊரிலேயே பெற்று விசாரிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதே விஷயமாக ஏற்கெனவே ஒரு மனு கொடுத்தேன். ரசீது தந்தார்கள், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியாகிவிட்டது என்று போனுக்கு மெசேஜும் வந்தது, அதோடு சரி. அந்த மனுவை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தரும் அண்ணனிடம் காசு கொடுத்து எழுதினேன். அவர் 'கருணைகூர்ந்து' என்று ஆரம்பித்ததில் நான் சொல்ல வந்தது பாதி விட்டுப்போய்விட்டது. இதை நானே எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா சமயத்தில் பத்தாம் வகுப்பு ஆல் பாஸ் போட்ட 2021ஆம் வருஷத்துப் பிள்ளை நான். அப்பாவுக்கு வேலை இல்லை, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் வந்தார். ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, தினம் 320 ரூபாய், மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 50,000 என்றார். இதற்குச் சுமங்கலித் திட்டம் என்கிற பேரெல்லாம் இப்போது யாரும் சொல்வதில்லை, சேமிப்பு என்கிறார்கள். பேர்தான் மாறியிருக்கிறது. ஆகஸ்டில் எங்கள் ஊரிலிருந்து ஐந்து பேர் ஒரே வேனில் போனோம். அப்போது எனக்கு வயது 16.

ரிங் ஃப்ரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினில் அறுந்த நூலை ஒட்டும் வேலை. நடந்துகொண்டே இருக்க வேண்டும், உட்கார முடியாது. வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் வார்டன் அக்கா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் பேச வேண்டும். அடையாள அட்டையில் என் வயதை அவர்களே 18 என்று போட்டுக்கொண்டார்கள். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் எங்களை ஹாஸ்டலை விட்டு வெளியே வராதீர்கள் என்பார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்குத்தான் நாங்கள் நன்றாகத் தூங்குவோம்.

2022 நவம்பரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஊருக்குப் போக வேண்டும் என்றதும், மூன்று வருஷம் முடியவில்லை, சேமிப்பு கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாதம் 26 நாள் கணக்கில் 8,320 ரூபாய் வர வேண்டும், ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 2,000 பிடித்தது போக என் கைக்கு வந்தது 3,500. மிச்சம் மாதம் 2,820, பதினாறு மாதத்துக்கு 45,120 ரூபாய். இது பரிசுமில்லை போனஸுமில்லை, நான் நின்று சம்பாதித்த கூலி.

சரி, அதைக் கேட்க எங்கே போவது? இங்கே உள்ள தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால், மில் எந்த மாவட்டமோ அங்கேதான் மனு போட வேண்டும் என்றார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியும் போய்விடும். அப்படியும் போனேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கா, சம்பளச் சீட்டு இருக்கா என்றார்கள். ஐந்து பேரில் ஒருத்திக்கும் அப்படி ஒரு காகிதம் கொடுத்ததே இல்லை. அப்புறம், ஆறு மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும், நாள் கடந்துபோச்சு என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில், உனக்குத்தான் இப்போது 18 ஆயிடுச்சே, இதில் குழந்தைத் தொழிலாளர் எங்கே வந்தது என்று கேட்டார்கள். குற்றம் நடந்த அன்று எனக்கு என்ன வயது என்று பார்ப்பதா, புகார் கொடுக்கிற அன்று என்ன வயது என்று பார்ப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அக்கா உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மில்லில் இருந்தபோது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, 18 முடியாத பெண்ணை இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை வேலையில் நிறுத்தவே கூடாது. அதோடு டாக்டரின் தகுதிச் சான்று வேண்டும், அது இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைக் குழந்தையாகவே சட்டம் கணக்கில் எடுக்கும், நாளுக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. எங்களை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. ஆறு மாதக் கணக்கும் அப்படித்தான். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம் என்று சொன்ன அதே பிரிவில், போதிய காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் மனுவை ஏற்கலாம் என்றும் அப்போது இருந்ததாம். பதினேழு வயதுப் பெண், அம்மா ஆஸ்பத்திரியில், கையில் பஸ் காசு இல்லை என்பது போதிய காரணம் இல்லையா அம்மா? முதல் பாதியைச் சொன்னவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு என்று கட்டிப்போட்டு வைத்தாலோ, சம்பாத்தியத்தைப் பிடித்துவைத்தாலோ ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆனால் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றமாக அது ஆகிவிட்டது, மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டுமாம். தாலுகா ஆபீஸ் படி ஏறவே பயப்படுகிற வீட்டுப் பிள்ளை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எப்படிப் போகும்?

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் விதிகளில் 2017இல் சேர்த்தபடி மாவட்டப் பணிக்குழுவுக்குத் தலைவர் நீங்கள்தான், அது மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். காவல் கண்காணிப்பாளர், குழந்தைகள் நலக் குழுத் தலைவர், சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வாசலாக அலைந்த அத்தனை பேரும் உங்கள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் எங்கள் ஐந்து பேரின் கணக்கையும் எடுங்கள். புகாரை இங்கேயே பதிந்து, மில் உள்ள மாவட்ட ஆட்சியருக்கு உங்கள் கையெழுத்தில் அனுப்புங்கள், நாங்கள் அலைவதற்குப் பதில் கோப்பு அலையட்டும். காகிதம் கொண்டுவா என்று எங்களைக் கேட்காமல், வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் மில்லிடம் கேட்கச் சொல்லுங்கள். பெண்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இருக்கிறது, கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, மில் ஹாஸ்டல்களை ஆய்வு செய்யப் போனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு பெண் அதிகாரியோடு போக வேண்டும் என்று அங்குள்ள ஆட்சியரிடம் சொல்லுங்கள். பகலில் போனால் நைட் ஷிப்ட் முடித்த பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்களோடு போனவர்களில் ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், சேமிப்பு போய்விடுமே என்று. இந்த மனுவில் அவள் கையெழுத்து இல்லாததற்குக் காரணம் அதுதான். அவள் கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், அவள் பெயர் மில்லுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் திங்கட்கிழமை ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மில் தொழிலாளி, மற்றும் மூவர்

இணைப்பு: அடையாள அட்டை நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று நகல் (பிறந்த தேதிக்காக), வங்கிப் பாஸ்புக் நகல், முந்தைய மனுவின் ரசீது