'மெட்ராஸ்' சிம்பொனிக்கு ஒரு மாலைப்பொழுது கொடுங்கள்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் கச்சேரிப் பட்டியல் அச்சுக்குப் போவதற்குள் இது உங்கள் மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நான் கேட்பது ஒரே ஒரு மாலைப்பொழுது. யாருக்கு என்றால், ஹென்றி கவல் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு.

1897ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பிறந்தவர். இருபது சிம்பொனிகள் எழுதி முடித்தார். அவற்றில் 13ஆவதன் பெயர் 'மெட்ராஸ்'. அது 1959ல் முதன்முதலாக அரங்கேறியதும் இந்த ஊரில்தான். நியூயார்க்கிலிருந்து தாமஸ் ஷெர்மனின் லிட்டில் ஆர்க்கெஸ்ட்ரா வந்து வாசித்தது. வருஷம் தவறாமல் ஸீசனுக்கு வருகிற எனக்கு, அதை இங்கே நேரில் கேட்க இன்றுவரை கொடுத்து வைக்கவில்லை.

வந்த இடத்தில் ஊர் பிடித்துப்போய்ப் பெயர் வைத்துவிட்டுப் போன வெள்ளைக்காரர் என்று தள்ளிவிடாதீர்கள். 1931ல் கூகன்ஹைம் நல்கை வாங்கிக்கொண்டு பெர்லினுக்குப் போனவர், அங்கே இசையியல் அறிஞர் ஹார்ன்போஸ்டலிடம் உலக இசைகளை ஒப்பிட்டுப் படித்தார். கர்நாடக சங்கீதப் பாடம் கேட்டது நம் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம். மெட்ராஸைக் கண்ணால் பார்த்தது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1956-57ல் மனைவியோடு கிளம்பிய உலகப் பயணத்தில். அதே பயணத்தில்தான் ஈரான், ஜப்பான் பாதிப்பில் வேறு படைப்புகளும் பிறந்தன. பிற்பாடு கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்துக்கு அவர் எழுதிய கான்செர்ட்டோவை ஃபிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு நடத்தியவர் கண்டக்டர் ஸ்டொகாவ்ஸ்கி.

லயத்தில் அவருக்கு இருந்த பைத்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெரெமின் என்ற ரஷ்யப் பொறியாளரிடம் சொல்லி 'ரிதமிகான்' என்று ஒரு கருவி செய்யச் சொன்னார். கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒரு சுரம் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் கட்டை ஒரு தட்டு தட்டுகிற நேரத்தில் மூன்றாவது மூன்று தட்டும், ஐந்தாவது ஐந்து, ஏழாவது ஏழு. சேர்த்து அழுத்தினால் திஸ்ரமும் கண்டமும் மிஸ்ரமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி ஒரே இடத்தில் வந்து சேரும். இதற்கு ஒரு மெஷினா, எங்கள் பையன் கொன்னக்கோலில் சொல்லிவிடுவானே என்று மிருதங்கக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த யோசனைகளை 1930லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார் கவல். அதைப் படித்துவிட்டுத்தான் கான்லன் நான்காரோ என்பவர், மனித விரல்களுக்கு எட்டாத கணக்குகளைக் காகிதச் சுருளில் துளைபோட்டுத் தானியங்கிப் பியானோவில் ஓட்டினார்.

செயலாளர்களான உங்களுக்கு இவரைப் பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. மனிதர் உங்கள் தொழில்காரர். யாரும் மேடை தராத இசைக்காக 1925ல் நியூ மியூசிக் சொஸைட்டி தொடங்கினார். 1927ல் அதே பெயரில் ஒரு காலாண்டிதழ். அதில் கட்டுரை, விமர்சனம், விளம்பரப் புகழாரம் எதுவும் கிடையாது, இதழுக்கு இதழ் இசைக்குறிப்பு மட்டும்தான். முதல் இதழில் கார்ல் ரக்கிள்ஸ் என்ற இசையமைப்பாளரின் படைப்பு வந்ததும் சந்தாதாரர்கள் பலர் கழன்றுகொண்டார்கள். சபா நடத்துகிறவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

நஷ்டத்துக்குக் கைகொடுத்தவர் சார்ல்ஸ் ஐவ்ஸ். பகலில் நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்தி, மிச்ச நேரத்தில் எழுதிய சிம்பொனிகளைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவர். அவருடைய நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை 1929ல் அச்சில் கொண்டுவந்தது கவலின் இதழ்தான். ஜான் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளனை, பெரிய இசையமைப்பாளரான ஷோன்பெர்க்கிடம் படிக்கப் போ என்று திருப்பிவிட்டவரும், லூ ஹாரிசன் என்ற இன்னொரு இசையமைப்பாளரைப் போய்ப் பார் என்று சேர்த்துவைத்தவரும் இவரே. இசையமைப்பாளர் கெர்ஷ்வினும் இவரிடம் பாடம் கேட்டிருக்கிறார். உலக மக்களின் இசை என்று இவர் எடுத்த வகுப்புக்கு ஹாரிசனும் கேஜும் பட்ட கடன் அவர்கள் எழுதிய தாள வாத்திய இசையிலேயே கேட்கும்.

1936ல் எல்லாம் சரிந்தது. அன்றைய கலிபோர்னியச் சட்டத்தில் குற்றமாக இருந்த ஓரினப் பாலுறவு வழக்கில் கைதாகி, சான் க்வென்டின் சிறையில் நான்கு வருஷம். உள்ளே கைதிகளுக்கு இசை கற்றுக்கொடுத்தார், வாத்தியக் குழுவை நடத்தினார், கேஜின் தாள வாத்தியக் குழுவுக்கு 'பல்ஸ்' எழுதி வெளியே அனுப்பினார். ஐவ்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் 1940ல் பரோலில் வந்தவருக்கு இசையமைப்பாளர் பெர்ஸி கிரெய்ஞ்சர் தன் வீட்டில் இடம் கொடுத்து, காரியதரிசி வேலையும் கொடுத்தார். 1942ல் ஆளுநரின் மன்னிப்பு கிடைத்தது. இதற்கெல்லாம் பிறகு, 1955ல், ஐவ்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டவர் யார் தெரியுமா? கவலும் அவர் மனைவி சிட்னியும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் பேச்சு வருவதில்லை.

சரி, அந்த மாலையில் என்ன வைக்கலாம்? தொடக்கத்தில் 'பான்ஷீ', 1925ல் எழுதியது. ஒருவர் பியானோ முன் உட்கார்ந்து பெடலை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார், கட்டைகளைத் தொடமாட்டார். வாசிக்கிறவர் பியானோவின் வளைவில் நின்று, திறந்த மூடிக்குள் குனிந்து, தாமிரம் சுற்றிய தந்திகளை நீளவாக்கில் விரல் நுனியாலும் நகத்தாலும் இழுப்பார். அயர்லாந்துக் கதைகளில் சாவு வீட்டுக்கு முன்கூட்டியே வந்து ஓலமிடுகிற பெண் பிசாசின் குரல் அந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து எழும். வீணைக் கம்பியில் கை வழுக்கினால் வருமே ஒரு கீறல், அதை நூறு மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

சில வருஷம் முன்பு இதற்காக ஓர் அரங்கத்தில் பியானோ கேட்டுப் போனேன். "உள்ளே கையெல்லாம் விடக்கூடாது சார், டியூனிங் யார் கொடுப்பா?" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ட்யூனர் செலவை நான் ஏற்கிறேன், பியானோவை மட்டும் கொடுங்கள்.

அடுத்து ஐவ்ஸ் பாடல்கள் இரண்டு, 'பல்ஸ்', இடைவேளைக்குப் பிறகு 'மெட்ராஸ்'. அதில் மேற்கத்திய வாத்தியங்களோடு இந்தியத் தாள வாத்தியங்களும் உண்டு. அவற்றை வாசிக்க இந்த ஊரில் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிற வயலின்காரர்களைக் கோடம்பாக்கம் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குறிப்பை வெளிநாட்டுப் பதிப்பாளரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதப் போக்குவரத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

கவல் காலமானது 1965 டிசம்பர் 10. ஸீசன் சூடுபிடிப்பதற்குச் சில நாள் முந்தைய தேதி. கேன்டீன்காரர் அடுப்பு இறக்குவதற்கும் முன்னால், உங்களில் யாராவது ஒருவருடைய அரங்கம் அன்று காலியாகத்தான் இருக்கும். சாவி யாரிடம் என்று சொன்னால் போதும், நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசை ரசிகன் ஒருவன்