குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக்கொரு முறை செயலாளர் அறிக்கை வாசிக்க வேண்டும் என்பது சங்க விதி. அதைக் கேட்க ஆள் வர வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. எனவே இந்த முறை அச்சடித்து வீட்டுக்கு வீடு திண்ணையில் வைக்கிறோம். திண்ணையை இடித்துக் கார் நிறுத்தியிருப்பவர்களுக்குக் கேட்டின் சந்து வழியாகப் போடப்படும்.

ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளன்று நம் வீதியின் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், வழக்கம்போல் பதக்கங்களோடு அணிவகுப்புக்குப் போய் வந்தார்கள். ஆகஸ்ட் 15 கொடியேற்றம் நடந்தது. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளிலும் ஏற்றினோம், மிட்டாய் மிஞ்சியது. பொங்கல் கோலப் போட்டிக்கு மூன்று பரிசுகள். கொசு மருந்து இரண்டு முறை அடிக்கப்பட்டது. சனி, ஞாயிறுகளில் வெளியூர் கார்கள் வாசலை அடைத்து நிற்பது பற்றி மனு கொடுத்தோம், நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்தார்கள், இப்போது கார்கள் பலகைக்குக் கீழே நிற்கின்றன.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. வீதி இளைஞர்கள் தண்ணீரில் இறங்கிப் பால், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் கொண்டு சேர்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சங்கத்தில் உறுப்பினர்கள்கூட இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அன்று இரவுதான் நம் வீதியில் ‘பெரிய வீடு’ என்று சொல்லும் பழைய வீட்டின் பின்கட்டுக் கூரை இறங்கியது. இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் பெரும்பாலும் அந்த வீட்டுக்கே போனது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரியில் அந்த வீட்டு வாரிசுகளிடம் பவர் வாங்கியிருப்பவர் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். வீடு பழுதாகி ஆபத்தான நிலையில் இருக்கிறது, முழுவதையும் இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறோம், அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபம் இல்லை என்று சங்கம் எழுதித் தர வேண்டும் என்பது கோரிக்கை. நம் கடிதத்தால் சட்டப்படி எதுவும் ஆகப் போவதில்லை. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் நகர அமைப்புக் குழுமம் நேராக அனுமதி தராது, பாரம்பரியக் குழுவின் பார்வைக்குப் போய்த்தான் வர வேண்டும். ஆனாலும் கோப்பில் ‘வீதிக்காரர்களுக்கே ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு தாள் இருந்தால் அதைப் புரட்டுகிறவரின் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். செயற்குழுவில் ‘நமக்கு எதற்கு வம்பு, கொடுத்துவிடலாமே’ என்ற கருத்தே அதிகம். பொதுக்குழுவைக் கூட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னது நான்தான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

சிறப்புப் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 13 பேர். நம் வீதியில் வீடுகள் 64. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு இருப்பவர்களை வைத்தே நடத்தினோம். அன்று கிரிக்கெட் ஆட்டம் இருந்ததாம். சரி. ஆனால் கூட்டத்துக்கு வராமல் மறுநாள் காலை டீக்கடையில் ‘யாரைக் கேட்டு முடிவு எடுத்தார்கள்?’ என்று கேட்டவர்கள் குறைந்தது 20 பேராவது இருப்பார்கள். அவர்களைக் கேட்கத்தான் கூட்டம் போட்டோம்.

பவர் வைத்திருப்பவர் பேசியதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். வாரிசுகள் ஒன்பது பேர். பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் இந்த வீட்டைப் பார்த்ததுகூட இல்லை. பாட்டி காலமான பிறகு யாரும் அங்கே குடியில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி இரண்டு மடங்கு. ‘பட்டியலில் சேர்த்தீங்களே, எங்க கையில என்ன குடுத்தீங்க?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இருபது ஆண்டுகளுக்கு முன் வைசியாள் வீதியில், அதாவது கல்வே சுப்பராய செட்டி வீதியில், வீட்டு முகப்புகளைப் பழுது பார்த்தபோது ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் பணம் ஒரு பங்கு வந்தது, வீட்டுக்காரர்கள் ஒரு பங்கு போட்டார்கள், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு மேற்பார்வை பார்த்தது. 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நம் வீதிக்கு அப்படி யாரும் பணத்தோடு வரவில்லை. வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் அவர் கொடுத்த பொறியாளர் சான்றிதழை நான் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். ‘கட்டடம் முழுவதும் வலுவிழந்துள்ளது’ என்று ஒரே வரி. எந்தச் சுவர், எந்த உத்தரம், எங்கே விரிசல் என்று ஒரு குறிப்பும் இல்லை. விழுந்தது பின்கட்டுச் சமையலறைக் கூரை மட்டுமே. மர உத்தரம், குறுக்குச் சட்டம், அதன்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டிய தளம்: மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அந்த வகை. இந்த வகையில் உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். மேல்தளத் தண்ணீர் போகும் வழி அடைத்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டு, பத்து வருஷம் யாரும் ஏறிப் பார்க்காவிட்டால் எந்த வீடும் இப்படித்தான் ஆகும். போதாக்குறைக்குப் பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அதற்காக, ஓர் உத்தரம் உளுத்துப்போனால் அந்த உத்தரத்தை மாற்றலாம். முன்கட்டும் முற்றமும் மாடியும் என்ன பாவம் செய்தன?

அந்த வீட்டைப் பார்க்காமலே ‘பழைய வீடுதானே’ என்கிறவர்களுக்காக: வாசலில் மரக்கால்களில் நிற்கும் தாழ்வாரம், திண்ணை, தேக்குக் கதவு, தூண் முற்றம். மாடிக்குப் போனால் வளைவுச் சன்னல், சுதைத் தூண், பலுஸ்தர் என்கிற குட்டித் தூண்கள் வைத்த கைப்பிடிச் சுவர். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. அனந்தரங்கப் பிள்ளை 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகையிலேயே இந்தச் சேர்க்கை இருக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு மறுபடி கட்டிய நகரம் இது. நம் பெரிய வீட்டின் முகப்பில் 1904 என்று சுதையில் இருக்கிறது. புதுச்சேரி அழகு என்று படமெடுக்க வருகிறவர்கள் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் முன்னால் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே நம் பக்கம்தான் வீடுகள் அதிகம் போயின. யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இந்த விஷயத்துக்காக நம் வீதி வீடுகளை ஒரு நோட்டில் எழுதினேன். 64 வீட்டில் தாழ்வாரம் மிஞ்சியிருப்பது 19-இல். ஒரு காலத்தில் வீதி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெயில் படாமல் நடக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு வீடு போகும்போதும் அந்த நிழலில் ஒரு துண்டு போகிறது. பெரிய வீட்டின் தாழ்வாரம் மட்டும் மூன்று வீட்டு நீளம். நோட்டு என்னிடம் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஓர் உறுப்பினர் நல்ல கேள்வி கேட்டார்: ‘மேரி கட்டடம், அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம், 2014 மழையில் விழுந்தது, அதே மாதிரி திரும்பக் கட்டவில்லையா? இதையும் இடித்துவிட்டு அதே மாதிரி கட்டச் சொல்லலாமே.’ மேரியைத் திரும்பக் கட்டியது அரசு, உலக வங்கிப் பணத்தில். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. நாலு மாடி வாடகையைக் கணக்குப் போட்டு இடிக்க வருகிறவர் தேக்குத் தூணும் முற்றமும் வைத்துத் திரும்பக் கட்டுவார் என்று நம்ப எனக்கு வயது அதிகமாகிவிட்டது. இன்னொன்று, மேரியும் பழுது பார்க்கக் காத்திருந்த நேரத்தில்தான் விழுந்தது.

கடைசியில் 8-க்கு 5 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. சங்கம் ஆட்சேபமின்மைக் கடிதம் தராது. மாறாக, முடிவெடுக்கும் முன் நேரில் ஆய்வு செய்யும்படியும், பின்கட்டை வேண்டுமானால் எடுத்துவிட்டு அங்கே புதிதாகக் கட்டவும் முன்கட்டையும் முற்றத்தையும் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறதா என்று பார்க்கும்படியும் எழுதினோம். விருந்தினர் இல்லமாக மாற்றி நடத்தப்படும் இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. வாரிசுகளுக்கும் வருமானம் வரும்.

இதில் செயலாளருக்குச் சொந்த ஆதாயம் என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. என் வீடும் அந்த வீடும் பொதுச்சுவர், உண்மைதான். அதை இடித்தால் என் கூடத்துச் சுவர் விரிசல் விடும், அதுவும் உண்மைதான். ஒட்டுச் சுவரில் நிற்கும் வீதியில் ஒருவர் வீட்டை இடிப்பது இன்னொருவர் விஷயமாகத்தான் இருக்கும். இன்று என் சுவர், நாளை உங்களுடையது. பேச்சைப் பரப்புகிறவரின் வீட்டுக்கும் இடப்பக்கம் பொதுச்சுவர் என்பதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். முன்கட்டின் உறுதி பற்றித் தனி அறிக்கை வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். வாரிசுகள் தரப்பு அறிக்கையை அவர்கள் கொடுப்பார்கள். நம் தரப்பில் பழைய கட்டடங்களில் வேலை பார்த்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கேட்டோம். ஒவ்வோர் உத்தரத்தையும் தட்டிப் பார்த்து, படத்தோடு எழுதித் தர 15,000 ரூபாய் கேட்கிறார். உள்ளே போய்ப் பார்க்கப் பவர் வைத்திருப்பவர் தடை சொல்லவில்லை, அதற்கு அவருக்கு நன்றி.

இனி வரவு செலவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். சுருக்கமாக, கடன் இல்லை, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, புயல் நேரச் செலவு கொஞ்சம் கூடிவிட்டது. மாதச் சந்தா 100 ரூபாய். முழு ஆண்டுக்கும் கட்டியவர்கள் 29 வீட்டார். மீதி 35 வீட்டில் சிலர் பாதி கட்டினார்கள், பலர் ‘அப்புறம் வாங்க’ என்றார்கள். நிலுவை நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையைத் தலைவர் ஐயா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவருடைய பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன். பொறியாளர் கேட்ட தொகையையும் இந்த நிலுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை உறுப்பினர்களிடமே விடுகிறேன்.

கூட்டத்துக்கு மாடியைத் தந்த தலைவர் ஐயாவுக்கும், கணக்கைச் சுமக்கும் பொருளாளருக்கும், கோலப் போட்டியை நடத்திய அம்மாமார்களுக்கும், நாற்காலி தந்த கடைக்காரருக்கும், புயலில் உழைத்த தம்பிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு நிர்வாகிகள் தேர்தல் இருக்கிறது. நான் போட்டியிடுவதாக இல்லை. வேறு யாராவது முன்வந்தால் நோட்டையும் கோப்பையும் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். முன்வருகிறவர் பெரிய வீட்டுக் கோப்பைக் கையில் எடுக்கும் மனமுள்ளவராக இருந்தால் நல்லது. யாரும் வரவில்லை என்றால் கோப்பை அந்தரத்தில் விட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்கட்டு ஓட்டை வழியாக இன்னும் ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் குழுவும் குழுமமும் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தார்ப்பாய் கட்டிக்கொள்ளப் பவர் வைத்திருப்பவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், செலவு நம்முடையது.

ஆண்டுப் பொதுக்குழு வரும் ஞாயிறு காலை 10 மணிக்குத் தலைவர் வீட்டு மாடியில் நடக்கும். அன்று கிரிக்கெட் இல்லை, பார்த்துவிட்டேன். வருகிறவர்கள் சந்தாப் புத்தகத்தை எடுத்து வரவும். வர முடியாதவர்கள் சந்தாவை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளப்படும், ரசீது உண்டு.

இங்ஙனம்,
செயலாளர்