தேயிலை கொடுத்துத் தீர்க்கும் கடன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விடவில்லை. கொழுந்து நன்றாகத்தான் இருக்கிறது, பறிக்க ஆள் இல்லை.

இத்தனை பொருளாதாரத் தடை போட்டும் ஈரான் ஏன் அமெரிக்காவுக்குப் பணியவில்லை என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்தது தேயிலை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2012 காலத்தில் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நம் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் வைத்த பாக்கி ஏறக்குறைய 250 மில்லியன் டொலர். கொடுக்கலாம் என்றால், தடைக்குப் பயந்து வங்கிகள் அந்தப் பணத்தில் கைவைக்கவில்லை. கடைசியில் 2021 டிசம்பரில் ஓர் உடன்பாடு: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்புவது. இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் பணம். அங்கே தேயிலை வாங்குகிறவர் ஈரான் எண்ணெய் நிறுவனத்துக்கு ரியாலில் கட்டுவார். நடுவில் ஒரு டொலர்கூடக் கைமாறாது. சரக்குப் போகத் தொடங்கியது 2023 இல்தான். நம் சனங்கள் பறித்த கொழுந்து அரசாங்கத்தின் எண்ணெய்க் கடனை அடைக்கப் போனது. அவர்களுடைய நாள் சம்பளத்துக்கு நடந்த இழுபறியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே உமா ஓயா நீர்மின் திட்டத்தின் கதையும் இதுதான். ஈரான் தருவதாகச் சொன்ன கடன் தடையால் பாதியில் நின்றது, மிச்சச் செலவை நாம் சுமந்தோம். 2024 ஏப்ரலில் அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்துவைத்தார்.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன். 'கிழக்குமில்லை, மேற்குமில்லை', அதாவது எந்த வல்லரசின் பக்கமும் சாயமாட்டோம் என்பது 1979 ஈரான் புரட்சியின் கோஷம். 2018 இல் ட்ரம்ப் ஈரானோடு இருந்த அணு ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளை மீண்டும் போட்டார். மறு வருடமே இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. பிறகு பெரும்பகுதி சீனாவின் தனியார் சுத்திகரிப்பு ஆலைகளுக்கே போனது, அதுவும் விலை குறைத்து. ஊரில் ஒரே கடைதான் கடன் தரும் என்றால் கணக்கும் அவன் எழுதுவதுதானே? 2021 இல் சீனாவோடு 25 வருட உடன்படிக்கை, 2023 இல் சீனாவும் ரஷ்யாவும் முன்னிற்கும் ஷங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் சேர்ந்தது, 2024 இல் அந்த இரண்டும் இருக்கும் பிரிக்ஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. கோஷத்தில் பாதி போய்விட்டது, மச்சான்.

ஆனால் இதை நட்பு என்று நான் சொல்லமாட்டேன். 2025 ஜனவரியில் ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தத்தில், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் படையோடு வரவேண்டும் என்ற பேச்சே கிடையாது. அதே வருடம் ஜூனில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் ஈரான்மீது குண்டு போட்டபோது மொஸ்கோவும் பெய்ஜிங்கும் கண்டித்ததோடு சரி. தடை ஈரானைப் பணியவைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் யாரிடம் போவது என்று தெரிவுசெய்யும் உரிமையை அதனிடமிருந்து பறித்துவிட்டது. அமெரிக்கா கேட்டதும் இதுவல்ல, ஈரான் விரும்பியதும் இதுவல்ல. இலாபம், மலிவாக எண்ணெய் வாங்கினவனுக்கு.

நீ வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி ஆட்களோடு பழகுகிறவன். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது. அப்புறம், பொங்கலுக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல், ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்